கேளாக் காதும் போட்ட இலையும்

பத்துப் பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கிறார்கள், அல்லது புத்தகம் படிக்கிறார்கள், அல்லது தபால்தலை சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அவர்களில் யாருக்கும் காலணா லாபம் கிடையாது. ஆசை ஒன்றுதான் அவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே பதினோராவது ஆளாக ஒருவர் வருகிறார். அவருக்குப் பாட்டிலும் புத்தகத்திலும் விருப்பம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மற்றப் பத்துப் பேருடைய முகமும் சிவப்பதைப் பார்ப்பதில் அவருக்கு அதைவிடப் பெரிய விருப்பம் இருக்கிறது. இந்தப் பதினோராவது ஆளை என்ன செய்வது என்பது, சங்கம் வைத்து நடத்தியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி.

எனக்குத் தெரிந்த வாசகர் வட்டம் ஒன்று இந்தத் தலைவலியிலேயே மாண்டது. ஊர் பேர் வேண்டாம். மாதத்துக்கு இரண்டு கூட்டம், ஒரு பள்ளிக்கூடத்து மாடியில். ஒருவர் ஒரு நாவலைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்வார்கள். சுக்குக் காப்பி குடித்துவிட்டுக் கலைவார்கள். ஒரு நாள் புதிதாக வந்தவர் எழுந்து, பேசியவரைப் பார்த்து, "ஐயா நாவலை முழுக்கப் படித்தீர்களா, அட்டையோடு நிறுத்திக்கொண்டீர்களா?" என்று கேட்டார். செயலாளர் ரோஷக்காரர். உடனே பதில் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிலுக்குப் பதில் வந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் பதிலின் பதிலுக்கு மறுப்பு. நாலாவது கூட்டத்துக்கு என்றுமில்லாத கும்பல். நாவலுக்காக அல்ல, சண்டைக்காக. சண்டையிலும் புதுச் சரக்கு தீர்ந்துபோனதும் கும்பல் கரைந்தது. பழைய ஆட்களோ முன்பே வீட்டோடு நின்றுவிட்டார்கள். கடைசிக் கூட்டத்தில் செயலாளர், அவருடைய எதிரி, காப்பிப் பாத்திரம் கொண்டுவந்த பையன் ஆக மூன்று பேர் இருந்ததாகக் கேள்வி.

செயலாளர் பேசாமல் இருந்திருந்தால் வட்டம் பிழைத்திருக்குமா? "நாய் குரைத்தால் சூரியனுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. "பேசாமல் இருந்தால் தலையில் ஏறி மிதிப்பான்" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு கட்சிக்கும் நம்மிடம் பழமொழிகள் தாராளமாக இருப்பதால், பழமொழியை வைத்து இதைத் தீர்க்க முடியாது. நடந்த கதை ஏதாவது வேண்டும்.

நடந்த கதை ஒன்று, யாரும் அப்படித் தேடிப் பார்க்காத புத்தகங்களில் இருக்கிறது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமத்துப் புத்தக விற்பனைப் பகுதியில் ஒரு வரிசை நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். முனகால வெங்கட்டராமையா 1935 முதல் 1939 வரை குறித்து வைத்த உரையாடல்கள். வக்கீலாக இருந்த தேவராஜ முதலியார் 1945 முதல் 1947 வரை எழுதிய நாட்குறிப்பு. சூரி நாகம்மா 1945-லிருந்து தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள். நரசிம்ம சுவாமியும் ஆர்தர் ஆஸ்பர்னும் எழுதிய சரித்திரங்கள். பழைய அடியார்களின் நினைவுக் குறிப்புகள். இவற்றை வாங்குகிறவர்கள் ஆத்ம விசாரத்துக்காக வாங்குகிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அவற்றை வேறு ஆசையோடு படித்தேன். ஒரு கூடத்தில் நாள்தோறும் முன்பின் தெரியாத ஜனங்கள் வந்து உட்கார்ந்து, முப்பது வருஷத்துக்கு அருகில் ஒரு சபை நடந்திருக்கிறது. அது எப்படி உடையாமல் நடந்தது என்பதுதான் என் கேள்வி.

அந்தச் சபைக்கு அங்கத்தினர் சந்தா இல்லை, விதிகள் இல்லை, செயலாளரும் இல்லை. நிர்வாகத்துக்கு மகரிஷியின் தம்பி நிரஞ்சனானந்தர் இருந்தார். அவர் கண்டிப்பானவர்தான்; ஆனாலும் கூடத்துக்குள் யார் வரலாம், யார் என்ன கேட்கலாம் என்பதற்குக் கட்டுத்திட்டம் கிடையாது. சாஸ்திரிகள் வந்தார்கள், நாஸ்திகர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரர், முஸ்லிம், கிறிஸ்தவர், வேலை போன குமாஸ்தா, பிள்ளையைப் பறிகொடுத்த தாய், சாமியாரின் சாயம் வெளுக்கிறதா என்று பார்க்க வந்த காலேஜ் மாணவர்கள் எல்லோரும் வந்தார்கள். நம்முடைய பதினோராவது ஆள் அங்கே வாரம் தவறாமல் ஆஜராகியிருப்பார் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அவரை வெங்கட்டராமையாவின் புத்தகத்தில் தேடினால் கண்டுபிடிப்பது கஷ்டம். இதுதான் முதலில் என்னை நிறுத்திய விஷயம். கேட்டவர் பெரும்பாலும் "ஒருவர்" அல்லது "பக்தர்". கேள்வி இன்னது, பதில் இன்னது, அவ்வளவுதான். நான் எழுதியிருந்தால், குதர்க்கமாகக் கேட்டவருக்கு ஒரு மீசை வைத்திருப்பேன். மூக்குப்பொடி வாசனையும் தோளில் ஒரு ஜரிகை அங்கவஸ்திரமும் சேர்த்திருப்பேன். வாசகர்கள் அவரை மறக்கவே மாட்டார்கள். வம்புக்கு வந்தவருக்கு அதைவிடப் பெரிய சன்மானம் வேறு என்ன வேண்டும்? வெங்கட்டராமையா அந்தச் சன்மானத்தை யாருக்கும் தரவில்லை. அவருக்குக் கதை எழுதும் உத்தேசம் இல்லாததால் அப்படி நேர்ந்தது என்று சொல்லலாம். காரணம் எதுவானாலும் பலன் நல்லது. அவர் புத்தகத்தில் வில்லன் கிடையாது, கேள்விகள்தான் உண்டு.

பதில்களைக் கவனித்தால் இன்னொன்று தெரிகிறது. கேள்வியில் விஷம் இருந்தால் மகரிஷி விஷத்தை ஒதுக்கிவிட்டுக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். கடவுள் இருக்கிறாரா என்று பரிகாசமாகக் கேட்பவரிடமும், கண்ணீரோடு கேட்பவரிடமும் அவர் ஒரே குரலில், இந்தச் சந்தேகம் யாருக்கு வந்தது என்று விசாரிக்கிறார். பரிகாசம் செய்தவருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். அவர் எறிந்த கல் குளத்தில் விழுந்தது. ஆனால் அலை எழும்பவில்லை. கேள்வியே இல்லாமல் விஷம் மட்டும் இருந்தால் மௌனம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பெரிய பாடம். தலைவரே கோபித்துக்கொள்ளாத இடத்தில் தொண்டன் கோபித்துக்கொள்வது அசட்டுத்தனமாகத் தோன்றும். சபை உடைவது பெரும்பாலும் வம்புக்காரனால் அல்ல. தலைவரின் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பும் தொண்டர்களால்தான்.

நாகம்மாவின் கடிதங்கள் வேறு ஜாதி. அவருக்குக் கண் உண்டு, காதும் உண்டு. அண்ணனுக்கு எழுதுவதால் கூச்சமில்லாமல் எழுதுகிறார். யார் சிரித்தார்கள், யார் முகம் சுருங்கியது, குரங்கு எதைத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் வரும். கூடத்தில் மனஸ்தாபங்களும் பொறாமைகளும் இருந்தன என்பதை அவர் கடிதங்களிலிருந்துதான் உணர முடிகிறது. தேவராஜ முதலியாரோ வக்கீல். வாக்குமூலம் எழுதிக்கொள்வதைப் போல ஜாக்கிரதையாக எழுதுவார். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் சித்திரம் முழுதாகும். ஒன்றை மட்டும் படித்தால், அங்கே வந்தவர்களெல்லாம் உத்தமர்கள் என்ற பிரமை உண்டாகும்.

சரித்திர நூல்களில் இந்தப் பிரமைக்கு இடமே இல்லை. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, பதினாறு வயதுப் பையனாகத் திருவண்ணாமலைக்கு வந்தவரை முதலில் வரவேற்றவை கற்கள்தான். ஆயிரங்கால் மண்டபத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பையன்மேல் ஊர்ப் பிள்ளைகள் கல்லும் ஓட்டுச்சில்லும் எறிந்தார்கள். அவர் பாதாள லிங்கக் குகைக்குள் போய் ஒதுங்கினார். சேஷாத்ரி சுவாமிகள் அவருக்குக் காவல் நின்றார். ஆனால் சேஷாத்ரி சுவாமிகளே பார்ப்பதற்குப் பித்தரைப் போல இருப்பார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் இரட்டித்தது. ஒருவருக்கு இருவர் கிடைத்துவிட்டார்களே! காவல்காரன் கோலெடுத்தால் விளையாட்டில் ருசி கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரையில் மௌனக் கட்சிக்குத்தான் ஜெயம். ஆனால் மலைமேல் நடந்தவற்றை ஆஸ்பர்ன் சொல்லும்போது விஷயம் சிக்கலாகிறது. தன்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தவர்கள் இந்த இளம் சாமியைப் பார்க்கப் போகிறார்களே என்று வயதான சாது ஒருவருக்குப் பொறாமை. மலைச்சரிவில் மேலே இருந்துகொண்டு பாறைகளை உருட்டிவிட்டார். ரமணர் இதைக் கேட்காத காதோடு விட்டுவிடவில்லை. மெள்ள மேலே ஏறிப்போய், கையும் களவுமாகப் பிடித்தார். கிழவர் தமாஷ் என்று சொல்லிச் சிரித்து மழுப்பினார். அதற்குமேல் இவரும் ஒன்றும் செய்யவில்லை. பாறையை உருட்டுவது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தவுடன் பழிவாங்க வேண்டியதில்லை. வசவு வேறு, பாறை வேறு என்ற வித்தியாசம் அவருக்கு அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது.

இன்னொரு சாமியார் இதைவிட சுவாரஸ்யமானவர். விரூபாட்ச குகைக்கு வந்து, தாமே இந்த இளைஞனுடைய குரு என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, தம்முடைய சிஷ்யனைக் காட்டி மரியாதை சம்பாதித்துக்கொண்டிருந்தார். இவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வார்த்தை வரவில்லையே என்ற ஆத்திரத்தில் ஒரு நாள் அந்த மனிதர் இவர்மேல் காறி உமிழ்ந்தார். அதற்கும் அசையவில்லை, கூட இருந்தவர்களும் அசையவில்லை. ஆனால் கீழே வேறொரு குகையில் இருந்த ஓர் அடியாருக்குச் செய்தி எட்டியது. அவர் கத்திக்கொண்டே மேலே ஓடிவந்தார். அவரைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடாகிவிட்டது. குரு வேஷக்காரர், இந்த மலை தமக்கு லாயக்கில்லை என்று அறிவித்துவிட்டு, ரயிலேறினார். ரயிலில் ஓர் இளம் தம்பதியிடம் முறைகேடாகப் பேசப்போய்ச் செருப்படி வாங்கினார் என்று கதை முடிகிறது.

செருப்படி வரும் இடத்தில் நான் சிரித்தேன். நீங்களும் சிரிப்பீர்கள். ஆஸ்பர்னும் அதை ரசித்துத்தான் சொல்கிறார். ஆனால் அவர் நின்று பார்க்காத ஒரு சங்கதி அந்தக் கதைக்குள் இருக்கிறது. அந்த மனிதரை மலையிலிருந்து இறக்கியது மௌனம் அல்ல. கீழ்க் குகைக்காரரின் கூச்சல்தான். மௌனம் அவரை எத்தனையோ நாள் வைத்துக்கொண்டிருந்தது. அலட்சியம் செய்தால் வம்புக்காரன் தானாகவே போய்விடுவான் என்று ஒரு விதி போட்டால், இந்தக் கதையே அதற்குச் சாட்சி சொல்ல மறுக்கும். சில பேர் போவதில்லை. அலட்சியத்தைத் தோல்வி என்று எண்ணி இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். மௌனத்தின் நோக்கம் வம்புக்காரனை விரட்டுவது என்று வைத்துக்கொண்டால், மௌனம் பல சமயம் தோற்றுத்தான் போகும்.

பின்னே எதற்கு மௌனம்? 1924-ஆம் வருஷம் ஜூன் 26-ஆம் தேதி இரவு நடந்ததைப் பார்ப்போம். அன்னையின் சமாதிக்கு அருகில் ஆசிரமம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது; சில குடிசைகள்தாம். திருடர்கள் வந்து ஜன்னலை உடைத்தார்கள். ரமணர் உள்ளேயிருந்து, வேண்டியதை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். விளக்குக் கேட்டவர்களுக்கு ஒரு லாந்தரை ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். வெளியே வந்தபோது எல்லோருக்கும் அடி. அவருக்கு இடது தொடையில் விழுந்தது. போதாதென்றால் மற்றதிலும் அடிக்கலாம் என்றார். இளைஞரான ராமகிருஷ்ண சுவாமி இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தடுத்துவிட்டார். பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லைத் தட்டி எறிந்துவிடுகிறோமா என்பது அவர் காட்டிய நியாயம். பூசை நமக்கும் நடந்தது என்று பிற்பாடு வேடிக்கையாகச் சொன்னார். அடிக்கும் பூசை என்று பெயர் வைத்த தமிழை அவர் அந்த நேரத்திலும் ரசித்திருக்கிறார்.

எல்லோரும் தொடையையும் நாக்கையும் பற்றித்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இதிலே வரும் நாய். கறுப்பன் என்று ஒரு நாய் அங்கே இருந்தது. திருடர்கள் அதை அடித்துவிடுவார்கள் என்று பயந்து, முதல் வேலையாக அதைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய் விடச் சொன்னார். தம் தொடையைக் கொடுத்தவர் நாயின் தொடையைக் கொடுக்கவில்லை. தமக்கு வருவதைப் பொருட்படுத்தாமல் இருக்கத் தமக்கு உரிமை உண்டு. வாயில்லாத ஜீவனுக்கு வருவதைப் பொருட்படுத்தாமல் இருக்க உரிமை கிடையாது. சங்கம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கூடத்தில் எழுதி மாட்டலாம். தலைவரைத் திட்டினால் தலைவர் சிரித்துக்கொண்டு போகட்டும். முதல் தடவையாக எழுந்து பேசும் ஒரு பெண்ணையோ பையனையோ ஒருவர் குத்திக் கிழித்தால், அப்போது தலைவர் சிரித்துக்கொண்டிருப்பது சாந்தம் அல்ல, சோம்பேறித்தனம்.

இந்த வித்தியாசத்துக்குப் பெரிய சோதனை பின்னால் வந்தது. ஒரு காலத்தில் ரமணருக்கு அருகிலேயே இருந்து நிர்வாகமும் பார்த்த ஒருவர், அதிகாரம் கை நழுவியதும் விரோதியானார். மகரிஷியைப் பற்றி அவதூறாக ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆசிரமத்தின் நிர்வாகம் தமக்கே சேர வேண்டும் என்று வழக்கும் போட்டார். இரண்டையும் ரமணர் எப்படி வாங்கிக்கொண்டார் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவதூறுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இதை நம் வாசலிலேயே வைத்து விற்கலாமே, படித்து நம்புகிறவர்கள் வராமல் இருந்தால் கும்பல் குறையும் என்கிற தோரணையில் பேசியதாகப் பழைய அடியார்கள் எழுதியிருக்கிறார்கள். வழக்கை அப்படி விட்டுவிடவில்லை. 1936-இல் கமிஷன் மூலமாக விசாரித்தபோது, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னார். நாலு ஆசிரமங்களில் நீங்கள் எந்த ஆசிரமம் என்று வக்கீல் மடக்கப் பார்த்ததும், எதிலும் சேராத அதியாசிரமி என்று அவர் சொன்னதும் வெங்கட்டராமையாவின் குறிப்புகளிலேயே இருக்கிறது. வழக்குப் போட்டவர் ஜெயிக்கவில்லை.

தம் பெயருக்கு வந்ததை வாசலில் வைத்து விற்கலாம். நாலு பேர் சோறு தின்னும் இடத்துக்கு ஆபத்து வந்தால் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மௌனமே உருவானவர் என்று உலகம் சொல்கிற மனிதர் செய்தது இது. எதற்கெடுத்தாலும் மௌனத்தைச் சிபாரிசு செய்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கதையின் கடைசி அத்தியாயம் அண்ணாமலை சுவாமியின் நினைவுகளில் இருக்கிறது. அந்த விரோதி பல வருஷங்களுக்குப் பிறகு உடம்பும் கெட்டு, கைப்பொருளும் போய், ரமணரிடம் வந்தார். தாம் செய்த காரியத்துக்கு நரகம்தான் என்றும், தம்மை மறந்துவிடக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன் என்று பதில். நரகத்தில் அல்லவா இருப்பேன் என்று அவர் சொல்ல, அங்கேயும் நான் இருக்கிறேன் என்ற பொருளில் மறுபதில். இத்தனை வருஷம் கதை எழுதியும் இப்படி ஒரு சம்பாஷணையை நான் எழுதினதில்லை. எழுதினால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

இப்போது மௌனம் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த மனிதர் திரும்பி வருவதற்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. அவதூறுக்கு அவதூறாகப் பதில் போயிருந்தால், அந்த வழியில் முள் போட்டு அடைத்ததாக ஆகியிருக்கும். அவர் சொன்ன சொல்லைக் கேளாக் காதில் விட்டார்கள், ஆளைக் கைவிடவில்லை. நாம் சாதாரணமாகச் செய்வது இதற்கு நேர் தலைகீழ். ஆளோடு பேச்சை நிறுத்திவிடுவோம், எதிரே வந்தால் பாதை மாறிப் போவோம், அவர் சொன்ன சொல்லை மட்டும் வருஷக்கணக்கில் மனசுக்குள் வைத்துத் தாலாட்டுவோம். அதற்கும் அலட்சியம் என்றுதான் பெயர் சொல்லிக்கொள்கிறோம். அது அலட்சியம் அல்ல; மணி அடித்துக்கொண்டே இருக்கும் கோபம்.

ஆசிரமத்தில் இந்தப் பண்புக்குக் கண்ணால் காணும்படியான ஒரு ரூபம் உண்டு, சாப்பாட்டுக் கூடம். மணி அடித்தால், காலையில் குதர்க்கம் பேசினவருக்கும் இலை விழும். வெளியே காத்திருக்கும் ஏழைகளுக்கு முதலில் போட்டாக வேண்டும் என்பது பழைய வழக்கம். இன்றைக்கும் காலையில் அந்த வரிசையைப் பார்க்கலாம். புத்தரைப் பற்றியும் ஒரு பழைய பௌத்த சூத்திரம் இதே பாஷையில் பேசுகிறது. தம்மை வைய வந்தவரிடம் அவர், விருந்தாளிகள் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டால் பட்சணம் யாருடையது என்று கேட்கிறார். வீட்டுக்காரனுடையதுதான் என்கிறார் வந்தவர். அப்படியானால் இந்த வசவையும் நான் ஏற்கவில்லை, உம்மிடமே இருக்கட்டும் என்கிறார் புத்தர். திருவண்ணாமலையில் இன்னும் ஒரு படி கூடுதல். அவன் கொண்டுவந்த பட்சணத்தை நாம் தொடவில்லை. நம்முடைய இலையை அவனுக்குப் போட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் விமரிசகன் புகழ்ந்துகொண்டே போகக்கூடாது. அதே சாப்பாட்டுக் கூடத்தில், ஆசாரம் பார்த்த பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே அந்நாளில் ஒரு தடுப்பு இருந்தது. ரமணர் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்படி உட்கார்ந்து, எல்லோருக்கும் இட்டதையே சாப்பிட்டார் என்று சொல்லி இந்த நூல்கள் திருப்தி அடைகின்றன. எனக்குத் திருப்தி இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் எவரும் நாட்குறிப்பு எழுதி, அதில் இதைப் பற்றி நாலு வரி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒரு சபையில் எல்லோரும் நேசமாக இருக்கிறார்கள் என்று சொல்வதற்கு முன், யாருடைய மனசு நோவது கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று பார்க்க வேண்டும். வசவைப் பொறுத்துக்கொள்வது பெருந்தன்மை. வழக்கம் என்ற பெயரில் நடக்கும் அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ளும்படி மற்றவர்களை விட்டுவைப்பது அந்தக் கணக்கில் சேராது.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிரான அபிப்பிராயம் எல்லாவற்றையும் விரோதம் என்று முத்திரை குத்தி, மௌனமாக இருந்துவிடலாம் என்று தோன்றும். பாரதி மகாகவியா இல்லையா என்று 1936-ஐ ஒட்டி ஒரு பெரிய சண்டை நடந்தது. வ. ரா. ஒரு பக்கம், கல்கி ஒரு பக்கம். சூடு அதிகம், குத்தலுக்கும் குறைவில்லை. கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் அந்தச் சூட்டைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தால் 'கண்ணன் என் கவி' என்ற புத்தகம் நமக்குக் கிடைத்திராது. அவர்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு, பாரதியின் கவிதையை வைத்துப் பதில் எழுதினார்கள். திருநெல்வேலியில் டி. கே. சி.யின் வட்டத்தொட்டி வேறு விதம். கம்பனில் இடைச்செருகல் என்று அவர் பாட்டுகளைத் தள்ளியதற்காகப் பண்டிதர்கள் அவரைக் காய்ச்சி எடுத்தார்கள். அவர் தமக்குப் பிடித்த பாட்டை எடுத்துப் பாடிக் காட்டி, கூட இருந்தவர்களை அனுபவிக்க வைப்பதையே தம் வேலையாகக் கொண்டிருந்தார். பண்டிதர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது என்பது என் கட்சி. ஆனாலும் வட்டத்தொட்டிக்குப் போனவர்கள் வீடு திரும்பும்போது மனசில் பாட்டு இருந்தது, சண்டை இல்லை. ஒரு வட்டத்துக்கு அதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

மாண்டுபோன வாசகர் வட்டத்துச் செயலாளர் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது சொல்ல முடிகிறது. "அட்டையோடு நிறுத்திக்கொண்டீர்களா?" என்று கேட்டவரிடம், "நாவலில் உங்களுக்கு எந்த இடம் பிடித்தது, சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கலாம். படித்தவராக இருந்தால் சொல்லியிருப்பார். வட்டத்துக்கு நல்ல வாசகர் ஒருவர் கிடைத்திருப்பார். படிக்காதவராக இருந்தால் உட்கார்ந்திருப்பார். இரண்டும் இல்லாமல் மறுபடியும் வைதிருந்தால், அடுத்தவரைப் பேச அழைத்திருக்கலாம். பேசினவர் மனசு நொந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் போய், "உங்கள் பேச்சு நன்றாக இருந்தது, அடுத்த மாதமும் நீங்கள்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். இது முக்கியம். மௌனம் சாதிக்கிறவர்கள் மறந்துபோவது இதைத்தான். பிறகு வைதவருக்கும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி. அதைக் குடிப்பதும் குடிக்காததும் அவர் பாடு.

இந்த நூல்களில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: கதை வாசகர்கள் நாகம்மாவின் கடிதங்களிலிருந்து தொடங்கலாம். கூடமும் மனிதர்களும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு வெங்கட்டராமையாவுக்குப் போனால், அவருடைய பெயரில்லாத "ஒருவர்" அவ்வளவு வறட்சியாகத் தோன்ற மாட்டார். சரித்திரங்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அவற்றை எழுதினவர்கள் பக்தர்கள். நிழலை அதிகம் காட்ட மாட்டார்கள். ஆனால் கல்லையும் எச்சிலையும் வழக்கையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பதற்காக அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவை இல்லாவிட்டால், அந்தக் கூடத்து அமைதி ஊருக்கு வெளியே இருந்ததால் கிடைத்த அமைதி என்றுதான் நாம் நினைத்திருப்போம்.